ஒத்துக்கொண்ட நாடும் மறுத்த நாடும்

2002-இல் எட்டு மாத இடைவெளியில் இரண்டு ஆட்டக்காரர்கள் இறந்தார்கள். ஜனவரியில் இங்கிலாந்தின் ஜெஃப் ஆஸ்ல், 59 வயது. தலையால் முட்டி கோல் போடுவதில் பேர்பெற்றவர். (வெஸ்ட் பிராம்விச் ஆல்பியனுக்கு 1968 எஃப்.ஏ. கோப்பையைத் தந்த கோலை மட்டும் காலால்தான் அடித்தார்.) செப்டம்பரில் அமெரிக்காவின் மைக் வெப்ஸ்டர், 50 வயது. அமெரிக்கக் கால்பந்தில் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணிக்காக ஆடி நான்கு சூப்பர் பௌல் வென்றவர். கடைசிக் காலத்தில் தன் வண்டியிலேயே படுத்து உறங்கியவர்.

இருவரின் மூளையையும் சிதைத்தது ஒரு பெரிய அடி அல்ல. ஆஸ்ல் பயிற்சியில் நாள்தோறும் தோல் பந்தை முட்டினார். மழையில் நனைந்தால் அந்தப் பந்து கனத்துவிடும். வெப்ஸ்டர் ஆடியது சென்டர் இடத்தில். பந்தைப் பின்னால் கொடுத்த மறுநொடியே எதிராளியோடு மோத வேண்டும், 17 பருவங்கள் அதே வேலை. ஹெல்மெட் மண்டையோட்டைக் காக்கும். உள்ளே மூளை குலுங்குவதைத் தடுக்காது. மயக்கம் வராத சிறு குலுக்கல்களும் ஆண்டுக்கணக்கில் சேர்ந்தால் மூளையில் டௌ புரதம் படியும் நோய்க்கு வழிவகுக்கும். தலையில் அடிவாங்கிய குத்துச்சண்டைக்காரர்களின் தடுமாற்றத்தை மார்ட்லண்ட் என்ற மருத்துவர் 1928-லேயே எழுதியிருந்தார்.

வேறுபாடு சாவுக்குப் பிறகு தொடங்குகிறது. இங்கிலாந்தில் மரண விசாரணை அதிகாரி அந்த ஆண்டே தீர்ப்பு சொல்லிவிட்டார்: ஆஸ்லின் சாவு தொழில்சார் நோயால் வந்தது. நிலக்கரித் தூசியால் நுரையீரல் கெட்டவரின் வரிசையில் ஒரு கால்பந்து வீரர்! இவ்வளவு தெளிவான தீர்ப்பு வந்தும் ஆட்டத்தில் எதுவும் அசையவில்லை. மரண விசாரணைத் தீர்ப்பு ஒருவர் எப்படி இறந்தார் என்று மட்டுமே சொல்லும், யாருக்கும் உத்தரவிடாது. எதிர்த்து வாதாடவும் யாரும் பெரிதாக முன்வரவில்லை.

அமெரிக்காவில் தீர்ப்பே இல்லை, சண்டைதான். வெப்ஸ்டரின் மூளையைச் சோதித்த நைஜீரிய மருத்துவர் பென்னட் ஒமாலு அதில் அந்த டௌ புரத நோயைக் கண்டு 2005-இல் கட்டுரை வெளியிட்டதும், அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல். அமைத்த குழுவின் மருத்துவர்கள் அதைத் திரும்பப் பெறச் சொன்னார்கள். அந்த மறுப்பே லீக்கைச் சிக்கவைத்தது என்பது என் கணிப்பு. ‘தெரிந்தும் மறைத்தார்கள்’ என்று ஆயிரக்கணக்கான முன்னாள் வீரர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2013-இல் 76.5 கோடி டாலருக்குப் பேசிய சமரசம், பிறகு உச்சவரம்பே இல்லாததாயிற்று. அதிலும் ஒரு கேவலம்: கறுப்பின வீரர்களின் அறிவுத்திறன் தொடக்கத்திலேயே குறைவு என்று வைத்து இழப்பீட்டைக் கணக்கிட்டார்கள், 2021-இல்தான் அதைக் கைவிட ஒப்புக்கொண்டார்கள்.

ஆஸ்லின் மூளையை 2014-இல் மறுபடி ஆராய்ந்து, வெப்ஸ்டருக்கு இருந்த அதே நோயைக் கண்டவர் கிளாஸ்கோவின் மருத்துவர் வில்லி ஸ்டூவர்ட். 2019-இல் அவர் குழுவின் ஆய்வு வந்தது: ஸ்காட்லாந்தின் முன்னாள் தொழில்முறை வீரர்கள் மூளைச் சிதைவு நோய்களால் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைப்போல் மூன்றரை மடங்கு. அடுத்த ஆண்டே இங்கிலாந்தில் தொடக்கப்பள்ளி வயதுப் பிள்ளைகளின் பயிற்சியில் பந்தை முட்டுவது நின்றது. 2021-இல் ஆடும் இடம்வாரியாகப் பிரித்துப் பார்த்தார்கள். தடுப்பாட்டக்காரர்களுக்கு இந்நோய்கள் வரும் அபாயம் ஏறக்குறைய ஐந்து மடங்கு. பந்தை அரிதாகவே முட்டும் கோல்கீப்பர்களுக்குக் குறிப்பிடத்தக்க கூடுதல் அபாயம் தெரியவில்லை.