பால் சுறாவும் பல் சுறாவும்

சுறாப் படங்களின் வரலாறு ஒரு பெண்ணின் சாவில் தொடங்குகிறது. 1975இல் வெளிவந்த ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் ‘ஜாஸ்’ படத்தில், கடற்கரையில் கூடியிருக்கும் இளைஞர்களிடையே இருந்து ஒருத்தி எழுந்து இரவுக் கடலில் நீந்தப் போகிறாள். பின்னால் ஓடிவரும் பையன் குடிமயக்கத்தில் மணலிலேயே விழுந்து தூங்கிவிடுகிறான். நீந்தியவள் சாகிறாள், குடித்தவன் விடிந்ததும் எழுந்திருக்கிறான். பின்னால் வந்த எத்தனையோ மலிவான சுறாப் படங்கள் இந்த முதல் காட்சியைத்தான் திரும்பத் திரும்ப எடுத்தன.

அவை மலிவாக இருக்க முடிந்ததற்கும் ‘ஜாஸ்’தான் வழிகாட்டி. அந்தப் படத்துக்காகச் செய்த இயந்திரச் சுறா உப்புத் தண்ணீரில் அடிக்கடி மக்கர் செய்தது. அதனால் முதல் ஒரு மணி நேரம் சுறாவை முழுதாகக் காட்டாமலே பயத்தை வளர்க்க வேண்டியிருந்தது. அதைச் சாதித்ததில் படத்தொகுப்பாளர் வெர்னா ஃபீல்ட்ஸுக்குப் பெரிய பங்கு உண்டு. அவர் அதற்காக ஆஸ்கர் பெற்றார். நிஜ வெள்ளைச் சுறாக்களை ஆஸ்திரேலியக் கடலில் படம்பிடித்துக் கொடுத்தவர்கள் ரான் டெய்லரும் அவர் மனைவி வேலரி டெய்லரும். திரையில் சாகும் பெண்ணை நினைவில் வைத்திருக்கும் நாம், திரைக்குப் பின்னால் அந்தப் பயத்தை உருவாக்கிய பெண்களை அறிவதில்லை.

சுறாவைக் காட்டாமலே பயமுறுத்தலாம் என்பது காசில்லாத தயாரிப்பாளர்களுக்கு வரமாகிவிட்டது. தண்ணீருக்கு மேல் ஒரு முதுகுத் துடுப்பு, கொஞ்சம் சிவப்புச் சாயம், நீச்சலுடையில் ஒரு பெண் இருந்தால் போதும். 2003இல் வந்த ‘ஓப்பன் வாட்டர்’, கிறிஸ் கென்டிஸும் லாரா லாவும் கணவன் மனைவியாகச் சேர்ந்து வார இறுதிகளில் எடுத்த படம். செலவு ஒன்றேகால் லட்சம் டாலர் அளவுதான். 2013இல் ‘ஷார்க்நேடோ’ சுறாக்களைச் சூறாவளியில் ஏற்றி ஊருக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டது.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிக்குக் கடல் கிடையாது. எங்கள் தண்ணீர் ஏரித் தண்ணீர்: அம்பத்தூர் ஏரி, பருத்திப்பட்டு ஏரி, செம்பரம்பாக்கம். சுறா எங்களிடம் இரண்டு வழியில் வந்தது. மீன்காரம்மாவின் கூடையில் ஐஸோடு வந்தது. தொலைக்காட்சியில் தமிழ் பேசிக்கொண்டு வந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் வெங்காயம் உரித்துக்கொண்டும் துணி மடித்துக்கொண்டும் பார்க்க ஏற்ற படங்கள் அவை. நடுவில் எழுந்துபோய்க் குக்கரை இறக்கிவிட்டு வந்தாலும் கதை புரியும். எங்கள் வீட்டில் இவற்றுக்கு ‘மீன் படம்’ என்று பெயர்.

என் அத்தை கேட்பார்: “ராத்திரியில தனியா இவ எதுக்குடி தண்ணியில இறங்குனா?” அம்பத்தூர் எஸ்டேட்டில் ஏற்றுமதித் துணி தைக்கும் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்த பெரியம்மா உடனே சொல்வார்: “அவளுக்கு நீச்சல் தெரியும், இறங்குனா. கடிச்சது மீனு. அவளை ஏன் கேக்குற?” இதைவிடச் சுருக்கமான திரைவிமர்சனத்தை நான் வாசித்ததில்லை.

பெரியம்மாவின் கோபத்துக்குச் சட்டத்திலேயே வேர் இருந்தது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 66ஆம் பிரிவு, காலை 6 மணி முதல் இரவு 7 மணி வரைதான் பெண்கள் தொழிற்சாலையில் வேலை செய்யலாம் என்றது. அந்தத் தடை செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2000ஆம் ஆண்டில்தான் வசந்தா வழக்கில் தீர்ப்பளித்தது. போக்குவரத்து, பாதுகாப்பு உள்ளிட்ட நிபந்தனைகளையும் விதித்தது. இருட்டியபின் வெளியே இருக்கும் பெண்ணுக்கு என்ன நேர்ந்தாலும் பொறுப்பு அவளுடையது என்ற நினைப்பு ஹாலிவுட் கடலுக்கு மட்டும் சொந்தமானதல்ல. ஆவடி ரயிலில் கடைசி வண்டிக்கு முந்தைய வண்டியையாவது பிடித்துவிட ஓடும் பெண்களுக்கு அது நன்றாகவே தெரியும்.

1999இல் வந்த ‘டீப் புளூ சீ’யின் முடிவு இதை இன்னும் அப்பட்டமாகக் காட்டுகிறது. மறதி நோய்க்கு மருந்து தேடிச் சுறாக்களின் மூளையைப் பெரிதாக்கும் விஞ்ஞானி ஒரு பெண். முதலில் எடுத்த முடிவில் அவள் பிழைத்துக்கொள்கிறாள். வெளியீட்டுக்கு முந்தைய சோதனைக் காட்சியில் பார்வையாளர்கள் அதை ஏற்கவில்லை. அவள் சாக வேண்டும் என்றார்கள். முடிவை மாற்றி எடுத்து அவளைச் சுறாவுக்குக் கொடுத்தார்கள். இரண்டு ஆண்கள் கரை சேர்கிறார்கள்.

நம் விலங்குப் படங்களின் வழக்கம் வேறு. தேவர் பிலிம்ஸின் ‘ஆட்டுக்கார அலமேலு’வில் (1977) ஆடு ஸ்ரீப்ரியாவின் துணை. ‘நீயா?’வில் (1979) அவரே பாம்பு. தன் இணையைக் கொன்றவர்களைத் தேடித் தேடிப் பழிவாங்குகிறார். அந்தப் படத்தைத் தயாரித்தவரும் ஸ்ரீப்ரியாதான். இங்கே விலங்கு பெண்ணைத் தின்பதில்லை. அவள் பக்கம் நிற்கிறது, அல்லது அவளாகவே இருக்கிறது. அந்தப் படங்களைப் பார்த்துப் பழகிய கண்களோடுதான் எங்கள் வீட்டுப் பெண்கள் மீன் படம் பார்த்தார்கள். அதனால்தான் கடித்தது யார் என்பதில் பெரியம்மாவுக்குக் குழப்பம் வரவில்லை.

அப்படியானால், பெண்ணைத் தண்டிக்கும் இந்தப் படங்களைப் பெண்கள் ஏன் ரசித்தோம்? அந்தப் பயத்துக்கு ஒரு முடிவு இருந்தது என்பது என் பதில். ஒன்றரை மணி நேரத்தில் அது தீர்ந்துவிடும். வாய்விட்டுக் கத்தலாம்; ‘முன்னாடியே ஏன் சொல்லலை’ என்று யாரும் கேட்கப்போவதில்லை. நிஜத்தில் உலகம் முழுவதும் சுறா கடித்து இறப்பவர்கள் ஆண்டுக்குச் சராசரியாகப் பத்துக்கும் குறைவு. தமிழ்நாட்டில் மணமான பெண்களில் மூன்றில் ஒருவருக்கும் மேல் கணவனின் வன்முறையைச் சந்தித்திருக்கிறார்கள் என்கிறது 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. கத்த முடியாத பயத்தை மனதில் வைத்திருப்பவர்களுக்குக் கத்தக்கூடிய பயம் ஓர் இளைப்பாறல்.

படங்களும் மாறின. ‘தி ஷாலோஸ்’ (2016) படத்தில் பாறையில் தனியாக மாட்டிக்கொண்ட பெண், தன் காயத்தைத் தானே தைத்துக்கொண்டு, சுறாவையும் வென்று கரையேறுகிறாள். தனியே நீரில் இறங்கியதற்காகப் படம் அவளைக் கொல்லவில்லை.

இவ்வளவு இருந்தும், மீன் படம் பார்த்தேன் என்று சொல்ல இன்றும் கூசுகிறோம். கிரிக்கெட் பார்த்துப் பகலைக் கழித்த ஆணுக்கு அந்தக் கூச்சம் இல்லை. படம் மட்டமானது என்பதைவிட, பெண் சும்மா உட்கார்ந்து ரசித்தாள் என்பதே இங்கே குற்றமாகிறது.

மீன்காரம்மாவின் கூடைச் சுறாவுக்கு எங்கள் வீட்டில் வேறு கதை. பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கும் என்ற நம்பிக்கையில் பால் சுறாவை அவித்து, தோலுரித்து, உதிர்த்து, சின்ன வெங்காயமும் பூண்டும் நிறையப் போட்டுப் புட்டு செய்வார்கள். அதை அவள் வெட்கமில்லாமல் கேட்டு வாங்கிச் சாப்பிடலாம், ஏனென்றால் அது பிள்ளைக்காக. தனக்கே தனக்கென்று ஒரு பெண் எடுத்துக்கொள்ளும் ஒன்றரை மணி நேரத்துக்கும் அந்த உரிமை வேண்டும்.