கிடங்கும் கிட்டங்கியும்

'கிட' என்னும் வினையடியாகப் பிறந்த 'கிடங்கு' என்ற சொல், சங்க நூல்களில் கோட்டை மதிலைச் சூழ்ந்து நீர் கிடக்கும் அகழியைக் குறித்து வழங்கக் காண்கிறோம். பூமியைத் தோண்டித் தானியத்தைக் குழியிலிட்டுக் காக்கும் வழக்கமும் இந்நாட்டில் இருந்தமையால், நீர் கிடந்த பள்ளத்தின் பெயர் நெல்லும் சரக்கும் கிடக்கும் இடத்துக்கும் உரியதாயிற்று என்று கொள்வது பொருத்தமே.

மலாய் மொழியில் பண்டகசாலையைக் 'குடாங்' என்பர். ஆங்கிலேயர் 'கோடவுன்' என்பர். 1886-இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' என்னும் அகராதி, இவற்றைத் தெலுங்குக் 'கிட்டங்கி'யோடும் தமிழ்க் 'கிடங்கோ'டும் இணைத்து, சரக்குகள் கிடக்கும் இடம் என்ற கருத்தே மூலமாகலாம் என்று விளக்கிற்று. அவ்விதம் பார்த்தால், இன்று நம் கடைவீதிகளில் வழங்கும் 'குடோன்' அந்நியச் சொல்லன்று. வேற்றூரில் உருமாறி வீடு திரும்பிய நம் குழந்தையே.

இந்தச் சொற்குடும்பத்தின் முழுப்பொருளையும் விளங்க வைத்தவர்கள் நாட்டுக்கோட்டை நகரத்தார்கள். சிங்கப்பூரில் தமிழர் 'செட்டித் தெரு' என்றழைத்த மார்க்கெட் வீதியில், குறுகி நீண்ட கடைவீடுகளைக் 'கிட்டங்கி' என்ற பெயரால் அமைத்து, ஒரே கூடத்தில் பல லேவாதேவிக் கடைகளை அவர்கள் அருகருகே நடத்தினார்கள். ஒவ்வொரு கடைக்கும் உரியது தரையில் சில அடி இடமே. அதற்குள் ஒரு மரப்பெட்டி, அதன் பக்கத்தில் சம்மணமிட்டு எழுதுவதற்கேற்ற தாழ்ந்த மேஜை, சுவரோரம் ஓர் அலமாரி. பத்திரங்களும் பேரேடுகளும் ஐந்தொகையும் அவற்றுள் அடங்கின. முதலாளியின் பிரதிநிதியான மேலாளும், அவருக்கு உதவியாக அடுத்தாளும், தொழில் பழகவந்த பெட்டியடிப் பையனும் பகலெல்லாம் அங்கேயே உட்கார்ந்து வேலை செய்தார்கள். இரவானதும் கணக்கை மூடிவைத்து, அதே கூடத்தில் பாயை விரித்துப் படுத்தார்கள். பொருளும் கிடந்து, அதைக் காத்த மனிதனும் கிடந்த அவ்விடத்துக்கு இதனினும் பொருந்திய பெயர் வேறில்லை.

இடம் சிறிதாயினும், ஒவ்வொன்றும் தனக்குரிய நிலையில் கிடக்குமானால் ஒரு பெரிய வாணிபமே அதில் அடங்கும் என்பதற்கு அந்தக் கிட்டங்கிகள் சாட்சி. ஆகவே, புதிதாகப் பண்டகசாலை கட்டி வாயிலில் பலகை மாட்டும் வணிக அன்பர்கள் 'குடோன்' என்றெழுதுமுன் சற்றே நின்று, 'கிடங்கு' என்று எழுதுவார்களாக.