சோறும் சாகோவும்: இந்தோனேசிய உணவின் வட்டார வேறுபாடுகள்

இந்தோனேசிய உணவை வகைப்படுத்துவோர் பெரும்பாலும் சுவையை வைத்தே பிரிக்கின்றனர். மேற்குச் சுமாத்திராவுக்குக் காரமும் தேங்காய்ப்பாலும், நடு ஜாவாவுக்கு இனிப்பு, பாலிக்குப் பன்றி இறைச்சி, மனாடோவுக்குக் கடுங்காரம் என அந்தப் பட்டியல் நீளும். 17,000-க்கும் மேற்பட்ட தீவுகள் கொண்ட நாட்டுக்கு இப்பிரிவு போதாது. வயிற்றை நிரப்பும் மாவுப்பொருள் எது என்பதே அங்கு முதல் வேறுபாடு. குழம்பும் கறியும் அதை ஒட்டியே அமைகின்றன. நெல்லை மையமாகக் கொண்ட ‘தேசிய உணவு’ என்னும் கருத்தாக்கம் இவ்வேறுபாட்டை மறைத்துவிட்டது என்பது இக்கட்டுரையின் வாதம்.

முதலில் நெல் வட்டாரம். மேற்குச் சுமாத்திராவின் மினாங்கபாவ் மக்கள் மாட்டிறைச்சியை மிளகாய், பேரரத்தை, எலுமிச்சைப்புல், மஞ்சள் இலை ஆகியவற்றுடன் தேங்காய்ப்பாலில் மணிக்கணக்கில் வேகவைக்கின்றனர். குழம்பு நீர்த்திருக்கும்போது அது குலாய். சுண்டிக் கெட்டிப்பட்டால் காலியோ. ஈரம் முழுதும் வற்றி, பிரிந்த தேங்காயெண்ணெயிலேயே இறைச்சி வறுபட்டுக் கறுத்தால் ரெண்டாங். சிறு துண்டு ஒன்றே ஒரு கவளம் சோற்றை இழுத்துக்கொள்ளும். ஜாவாவிலுள்ள யோக்யகர்த்தாவின் குடெக், பலாப்பிஞ்சைத் தென்னை வெல்லமும் தேங்காய்ப்பாலும் சேர்த்து வேகவைப்பது. சுவையில் இரண்டும் எதிரெதிர்த் துருவங்கள். எனினும் இரண்டுமே சோற்றுக்குத் தொடுகறிகள். ஆகவே இவை ஒரே வட்டாரத்தின் இரு கிளைகள்.

நெல் விளையாத இடத்தில் உணவின் அமைப்பே மாறுகிறது. ஜாவாவுக்குள்ளேயே, சுண்ணாம்புப் பாறை மண்ணான குனுங்கிடுலில், மரவள்ளிக் கிழங்கை வெயிலில் காயவைத்து இடித்து ஆவியில் அவித்த திவுல் நெடுங்காலம் அன்றாட உணவாக இருந்தது. மழைக்காலம் குறுகிய திமோரில் மக்காச்சோளத்தைக் குத்தித் தோல் நீக்கி, பயறு வகைகளோடு தேங்காய்ப்பாலில் வேகவைக்கின்றனர். ஜாகுங் போசே எனப்படும் இவ்வுணவில் மாவுப்பொருளும் குழம்பும் ஒரே பானையில் அடக்கம்.

மலுக்குவிலும் பப்புவாவின் தாழ்நிலங்களிலும் சாகோப் பனை. (சேலத்துச் சவ்வரிசி மரவள்ளி மாவில் ஆனது, இது வேறு.) பூக்கும் முன் மரத்தை வெட்டிப் பிளந்து, உட்சோற்றைக் கொத்தி, நீரில் அலசி மாவைப் படியவைப்பார்கள். கரைத்த மாவில் கொதிநீர் ஊற்றிக் கிண்டினால் கண்ணாடிபோல் பளபளக்கும் களி கிடைக்கும், அதுவே பாப்பேடா. இரு குச்சிகளால் சுழற்றி எடுத்து, மஞ்சளும் எலுமிச்சையும் சேர்ந்த மீன் சாற்றில் இட்டு, மெல்லாமல் விழுங்குவார்கள். தனக்கெனச் சுவையற்ற களிக்குப் புளிப்பான, நீர்த்த சாறுதான் பொருந்தும், ரெண்டாங் பொருந்தாது.

மசாலாவே இந்நாட்டு உணவின் அடையாளம் என்று சொல்லி இவ்வாதத்தை மறுப்போர் உண்டு. ஆனால் உலகம் தேடிவந்த கிராம்பு தெர்னாத்தேயிலும் தீதோரேயிலும், சாதிக்காய் பண்டாவிலும் விளைந்தன. அந்த மலுக்குத் தீவுகளின் நெடுங்கால முதன்மை உணவோ சாகோ. விளைந்த மண்ணின் உணவை வாசனைப்பொருளின் புகழைக்கொண்டு விளக்கிவிட முடியாது. மேலும் மிளகாய், மரவள்ளி, மக்காச்சோளம் மூன்றும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. இவற்றுள் மிளகாய் ‘மரபு’ ஆயிற்று. மற்ற இரண்டும் ஏழையின் உணவாகவே எஞ்சின. காலப் பழமை இத்தரவரிசையைத் தீர்மானிக்கவில்லை.

தீர்மானித்தவற்றுள் வெளியாரின் பார்வையும் அரசும் முக்கியமானவை. இயற்கையியலாளர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் 1869-இல் வெளியிட்ட மலாய்த் தீவுக்கூட்டம் பற்றிய நூலில், ஒரு சாகோ மரம் ஒருவருக்கு ஓராண்டு உணவு தரும் என்றும், அதற்குப் பத்து நாள் உழைப்பே போதும் என்றும் கணக்கிட்டார். அந்த எளிமையே மக்களைச் சோம்பேறிகளாக்குகிறது என்றும் முடிவுகட்டினார். குடியரசுத் தலைவர் சுகர்னோவின் முனைப்பில் தொகுக்கப்பட்ட ‘முஸ்திகாரசா’ என்னும் சமையற்பெருநூல் நெல்லோடு சாகோ, மக்காச்சோள உணவுகளுக்கும் இடமளித்தது. ஆனால் அது வெளிவந்த 1967-இலேயே அவர் பதவியிழந்தார். அதே ஆண்டு புலோக் என்னும் உணவுக் கொள்முதல் அமைப்பு உருவாயிற்று. அரசு ஊழியர் ஊதியத்தில் அரிசிப் படியும் இருந்தது. 1984-இல் அரிசித் தன்னிறைவு சுகார்த்தோ ஆட்சியின் பெருமிதமாயிற்று. 1998 பொருளாதார நெருக்கடிக்குப்பின் ஏழைகளுக்கான மானியமும் அரிசியாகவே வந்தது. சாகோ உண்டவருக்கும் அரசின் கை நீட்டியது அரிசியைத்தான்.

2018-இல் சுற்றுலா அமைச்சகம் தேசிய உணவுகளாக அறிவித்தவை ஐந்து: சோத்தோ, ரெண்டாங், சாத்தே, நாசி கோரெங், காடோ-காடோ. பாப்பேடாவும் ஜாகுங் போசேயும் அதில் இல்லை. இந்தோனேசிய உணவின் வட்டார வரைபடத்தை வரையப் புகுவோர் மசாலாப் பெட்டியைத் திறக்குமுன், அங்குள்ளோர் எந்த மாவை உண்கின்றனர் என்று கேட்டாக வேண்டும். அக்கேள்வியைத் தவிர்க்கும் ஆய்வு, மேற்குத் தீவுகளின் உணவையே முழு நாட்டின் உணவாக எழுதி முடிக்கும்.