இருளைப் பங்கிடும் பொறுப்பு

காவிரி நீரின் வீழ்ச்சியைக் கொண்டு 1902ஆம் ஆண்டு சிவசமுத்திரத்தில் மின்சாரம் எடுக்கப்பட்டது. மைசூர் அரசு நிறுவிய அந்நிலையத்திலிருந்து முதன்முதலாகக் கம்பி சென்றது அருகிலிருந்த சிற்றூர்களுக்கு அன்று. ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தொலைவிலிருந்த கோலார் தங்கச் சுரங்கங்களுக்கே. பெங்களூர் நகரத்துக்கு அந்த ஒளி 1905இல்தான் கிடைத்தது. யாருக்கு முதலில், யாருக்குக் கடைசியில் என்பதை ஆறு தீர்மானிப்பதில்லை, ஆட்சியே தீர்மானிக்கிறது. கொல்லிமலையில் மின்சாரம் நின்றுபோகும் இரவுகளில் இந்தப் பழைய வரலாற்றை நாம் எண்ணிப் பார்ப்பதுண்டு.

சென்னை மாகாணத்திலும் மின்சாரம் முதலில் வணிகப் பொருளாகவே வந்தது. 1910ஆம் ஆண்டின் சட்டப்படி உரிமம் பெற்ற தனியார் கழகங்கள் வருவாய் தரக்கூடிய நகரங்களில் விளக்கேற்றின. 1927இல் அரசு தனக்கென ஒரு மின்துறையை அமைத்தபோதுதான் நிலைமை மாறியது. பைக்காரா 1932இல் இயங்கத் தொடங்கியது. அதன் ஆற்றலால் கோவையின் பஞ்சாலைகள் பெருகின. 1934இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணை 1937இல் மின்சாரம் தந்தது. மேட்டூரும் கொல்லிமலையும் அன்று ஒரே சேலம் மாவட்டத்தின் பகுதிகள். நாமக்கல் தனி மாவட்டமானது 1997இல்தான். ஒரே மாவட்டத்தின் ஒரு மூலையில் ஆற்றை அடக்கி ஒளி படைத்த அரசின் கை, மறு மூலையிலிருந்த மலையை எட்டுவதற்கு நெடுங்காலம் பிடித்தது.

அம்மலையில் அக்காலத்தில் பொதுச்சேவை என்று சொல்லத்தக்கதைச் செய்தவர்கள் ஜெசி பிராண்ட், ஈவ்லின் பிராண்ட் என்னும் பாப்டிஸ்ட் சபைத் தம்பதியர். 1913 முதல் அவர்கள் அங்கே மருந்து கொடுத்தார்கள், பள்ளி நடத்தினார்கள். மலைமீது ஏற நடைபாதையும் டோலியுமே துணை. 1929இல் ஜெசி பிராண்ட் கருநீர்க் காய்ச்சலால் அங்கேயே உயிர் நீத்தார். (தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை மருத்துவத்தால் மறுவாழ்வு தந்த டாக்டர் பால் பிராண்ட் இவர்களுடைய மகன்.) வேறு சபையினராயினும் அவர்களுடைய தியாகத்தை நாம் வணங்குகிறோம். ஆயினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தியாகிகள் வந்தால் கிடைக்கும், வராவிட்டால் கிடைக்காது என்ற நிலையில் மருந்தும் பள்ளியும் இருந்தமை அரசு தன் கடமையைச் செய்யாமையின் அடையாளம். அறம் செய்வோரிடம் மக்கள் கேட்பது உதவி. அரசிடம் கேட்பதோ உரிமை.

இந்த வேறுபாட்டை மின்சாரத்தின் வகையில் தெளிவாக உணர்ந்தவர் டாக்டர் அம்பேத்கர். 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாக சபையில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த அவர், மலிவான, தாராளமான மின்சாரமின்றி இந்தியா வறுமையிலிருந்து மீள வழியில்லை என்று 1943இல் வாதிட்டார். அந்தச் சிந்தனை வளர்ந்த காலத்தில்தான் 1948ஆம் ஆண்டின் மின்வழங்கல் சட்டம் பிறந்தது. அச்சட்டத்தின்கீழ் 1957 ஜூலை முதல் நாளில் நம் மாநில மின்வாரியம் உருவாயிற்று. சென்னை நகருக்கு மின்சாரம் வழங்கி வந்த தனியார் கழகத்தை அரசு 1947லேயே ஏற்றுக்கொண்டிருந்தது. காமராசர் ஆட்சிக் காலத்தில் சிற்றூர்களுக்கு மின்கம்பம் சென்ற வேகம் பிற மாநிலங்கள் வியந்து நோக்கத்தக்கது என்பதை மறுப்பதற்கில்லை.

ஆனால் 'மின்வசதி பெற்ற கிராமம்' என்ற சொல்லுக்கு அரசு ஏட்டில் என்ன பொருள் இருந்தது? 1997 வரை, வருவாய்க் கிராமத்தின் எல்லைக்குள் எந்தப் பயன்பாட்டுக்காயினும் மின்சாரம் இருந்தால் போதும்; ஒரு பம்புசெட் ஓடினாலே அந்தக் கிராமம் ஒளிபெற்றதாகிவிடும்! 2004இல் வகுக்கப்பட்ட இலக்கணமும் பத்து விழுக்காட்டு வீடுகளோடு நிறைவடைந்தது. பள்ளி, ஊராட்சி அலுவலகம் போன்ற பொது இடங்களுக்கும் மின்சாரம் வேண்டும் என்று அது சேர்த்துக்கொண்டது நன்றே. எனினும் மீதித் தொண்ணூறு வீடுகள் இருளில் கிடந்தாலும் கணக்கு நேராகிவிடும். கொல்லிமலையில் ஒவ்வொரு 'நாடு'ம் மேட்டிலும் பள்ளத்திலும் சிதறிய பல சிற்றூர்களின் தொகுதி. இத்தகைய கணக்கு இங்கே எவ்வளவு மறைக்கும் என்பதை வாசகர்களே உய்த்துணரலாம்.

கம்பம் வந்தபின்னும் ஒளி நிலைப்பதில்லை. 2008இல் தொடங்கிய மின்வெட்டு 2012இல் உச்சத்தை அடைந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். பற்றாக்குறை ஏறத்தாழ 4,000 மெகாவாட். காரணங்கள் பல. தேவை வளர்ந்த அளவுக்குப் புதிய நிலையங்கள் எழவில்லை. காற்றாலைகள் ஆடிக் காற்றோடு ஓய்ந்துவிடும். வடக்கிலிருந்து வாங்க எண்ணினாலும் கொண்டுவரப் போதிய கம்பித்தடம் இல்லை. தென்னகக் கட்டமைப்பு நாட்டின் பொதுக் கட்டமைப்போடு இணைந்தது 2013 டிசம்பர் 31 அன்றுதான். 2003 முதல் 2010 வரை கட்டணத்தை உயர்த்தத் துணியாத அரசுகள் வாரியத்தைக் கடனில் மூழ்கவிட்டன. இவையெல்லாம் பற்றாக்குறையை விளக்கும். சென்னைக்கு இரண்டு மணி நேரம், பிற மாவட்டங்களுக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேல் என்று இருள் பங்கிடப்பட்டதை இவை விளக்குமா? அந்தப் பங்கீடு இயற்கை விதித்ததன்று, ஆணையால் வந்தது. இல்லாததைப் பகிர்வதிலும் நீதி உண்டு என்பதை அன்று ஆண்டோர் எண்ணியதாகத் தெரியவில்லை.

கொல்லிமலையின் துன்பம் இன்று வேறுவகை. மழைக்காலத்தில் காட்டு மரம் கம்பிமீது சாய்ந்தால், ஆளும் தளவாடமும் மேலே வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டும். நகரத்தில் அரைமணி நேரத்தில் முடிவது இங்கே ஓரிரவாக நீளும். சாமை குற்றும் உழைப்பு பெண்களின் தோள்களை முறித்ததும் அப்பயிர் குறைந்து மரவள்ளி பெருகியதற்கு ஒரு காரணம். பின்னர் மகளிர் குழுக்களுக்குச் சிறிய அரவை எந்திரங்கள் வந்தன. மின்சாரம் நின்றால் மீண்டும் உலக்கைதான். இம்மலையின் ஓடைகளைக் கொண்டு 20 மெகாவாட் நீர்மின் திட்டம் ஒன்றும் வகுக்கப்பட்டது. மலைநீர் தரும் மின்சாரமும் பொதுக் கட்டமைப்பில்தான் கலக்கும். மலையின் விளக்கு அதனால் மட்டும் அணையாதிருக்கும் என்று நம்புவதற்கில்லை.

திருத்தந்தை 23ஆம் அருளப்பர் 1961இல் விடுத்த 'மாத்தேர் எத் மஜிஸ்த்ரா' சுற்றுமடலில், சாலை, போக்குவரத்து, குடிநீர், மருத்துவம், கல்வி ஆகியவை நாட்டுப்புறத்துக்கும் கிடைக்கச் செய்வதில் அரசுகள் சிறப்பான அக்கறை கொள்ள வேண்டும் என்று கற்பித்தார். இன்று சட்டமும் அதையே பேசுகிறது. 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம், சிற்றூர்கள், குக்கிராமங்கள் உட்பட எல்லாப் பகுதிகளுக்கும் மின்சாரம் கிடைக்க மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து முயல வேண்டும் என்கிறது. 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமை விதிகள் இருபத்துநான்கு மணி நேர வழங்கலையும், தவறினால் இழப்பீட்டையும் பேசுகின்றன. எத்தனை முறை, எவ்வளவு நேரம் மின்சாரம் நின்றது என்று அளக்கவும் சொல்கின்றன. மாவட்டம் முழுவதற்கும் சராசரி எடுத்தால் மலையின் இருள் சமவெளியின் வெளிச்சத்தில் கரைந்துவிடும். ஆகவே மலைக்குச் செல்லும் மின்தடங்களின் கணக்கைத் தனியே தரும்படி மின்பகிர்மானக் கழகத்தைக் கேட்க வேண்டும். மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களில் ஊராட்சிதோறும் கிராமசபை கூடுகிறது. அந்தக் கணக்கை அங்கே படிக்கச் சொல்லித் தீர்மானம் எழுதுவதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.