அரை அங்குல வித்தியாசம் – உள்கதவுத் தாழ்ப்பாளின் கதை

பூட்டுகளின் வரலாறு என்றாலே திருடனும் கூடவே வந்துவிடுவான். 1784ல் ஜோசப் பிரமா லண்டனில் ஒரு பூட்டுக்குக் காப்புரிமை பெற்றார். பிறகு, சாவியில்லாமல் திறப்பவருக்கு 200 கினி பரிசு என்று எழுதி அதைக் கடை ஜன்னலிலேயே வைத்தார். பல வருடங்கள் யாராலும் முடியவில்லை. 1851ல் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் 51 மணி நேரம் போராடித் திறந்துவிட்டார். இங்கிலாந்து முழுக்க அன்று இதே பேச்சுதான்.

ஆனால் ஒரு வீட்டில் வாசல் கதவு ஒன்று அல்லது இரண்டு. உள்கதவுகள்தான் அதிகம். படுக்கையறை, குளியலறை, சாமான் அறை... இந்தக் கதவுகளுக்குத் திருடனைப் பற்றிக் கவலையில்லை. சாத்தினால் காற்றில் திறக்காமல் நிற்க வேண்டும், தேவைப்படும்போது கை வலிக்காமல் திறக்க வேண்டும். அவ்வளவுதான். இந்த எளிய வேலையைச் செய்யும் சின்னச் சாதனத்துக்கு ஒரு 'சரியான அளவு' எப்படி வந்தது என்பது சுவையான கதை.

கயிறும் கட்டைவிரலும்

அமெரிக்காவில் ஆங்கிலேயர்கள் குடியேறிய ஆரம்ப காலத்தில், கதவின் உட்புறம் ஒரு மரக்கட்டை குறுக்கே விழுந்து நிற்கும். அதில் கட்டிய தோல்கயிறு கதவிலுள்ள துளை வழியாக வெளியே தொங்கும். வெளியிலிருந்து கயிற்றை இழுத்தால் கட்டை தூக்கிக்கொள்ளும், கதவு திறக்கும். இரவில் கயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டால் போதும், வெளியாள் திறக்க முடியாது. "கயிறு வெளியேதான் தொங்குகிறது" என்று ஒருவர் சொன்னால், எப்போது வேண்டுமானாலும் வீட்டுக்கு வரலாம் என்று அர்த்தம்!

அதன் பிறகு கொல்லர்கள் இரும்பில் அடித்த தாழ்ப்பாள்கள் வந்தன. கட்டைவிரலால் ஒரு நாக்கை அழுத்தினால், உள்ளேயிருக்கும் இரும்புப் பட்டை தூக்கிக்கொள்ளும். இங்கிலாந்தில் இவற்றுக்கு சஃபோக் தாழ், நார்ஃபோக் தாழ் என்று மாவட்டப் பெயர்களே நிலைத்துவிட்டன. பின்தகடு இல்லாதது சஃபோக், பின்தகடு உள்ளது நார்ஃபோக். 1840ல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் பிளேக் சகோதரர்கள் இதே வகையை வார்ப்பிரும்பில் செய்யக் காப்புரிமை வாங்கினார்கள். அச்சில் ஊற்றிச் செய்வதால் ஒன்றைப் போலவே மற்றொன்று இருந்தது.

இந்தத் தாழ்கள் எல்லாம் கதவின் மேல்பரப்பில் அறையப்பட்டவை. அதனால் 'என்ன அளவு' என்ற கேள்வி பெரிதாக எழவில்லை. கதவு அகலமோ குறுகலோ, ஆணி அடிக்க இடம் இருந்தால் சரி.

உளியின் காலம்

பிரச்சினை ஆரம்பித்தது தாழ்ப்பாள் கதவுக்குள்ளே புகுந்தபோதுதான். பார்வைக்கு அழகாக இருக்க வேண்டும் என்பதற்காக, கதவின் ஓரத்தில் ஆழமாகக் குடைந்து, தாழ்ப்பாளின் முழுப் பெட்டியையும் உள்ளே இறக்கினார்கள். 19ம் நூற்றாண்டில் பணக்கார வீடுகளிலிருந்து சாதாரண வீடுகளுக்கும் இது பரவியது. ஆனால் ஒவ்வொரு கதவுக்கும் தச்சர் உளி பிடித்துக் குடைய வேண்டும். கொஞ்சம் கூடுதலாகக் குடைந்தால் கதவுச் சட்டம் பலவீனமாகும். குறைவாகக் குடைந்தால் பெட்டி இறங்காது. நேரமும் கூலியும் அதிகம்.

இதற்கு விடை தேடியவர்களில் முக்கியமானவர் வால்ட்டர் ஷ்லேக். 1882ல் ஜெர்மனியில் பிறந்தவர். யேனா நகரிலிருந்த கார்ல் சைஸ் நிறுவனத்தில் நுட்பமான இயந்திர வேலை கற்றவர். பிறகு அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவுக்குப் போய்ச் சேர்ந்தார். 1909ல் அவர் பெற்ற முதல் காப்புரிமை, கதவைப் பூட்டும்போதும் திறக்கும்போதும் மின்விளக்கை இயக்கும் ஒரு பூட்டுக்கு! 1920ல் சொந்த நிறுவனம் தொடங்கிய அவர், அந்தப் பத்தாண்டில் உருளை வடிவப் பூட்டை உருவாக்கினார்.

அதன் சிறப்பு இதுதான்: உளியே தேவையில்லை என்று சொல்லும் அளவுக்கு வேலை குறைந்தது. கதவின் முகத்தில் ஒரு வட்டத் துளை, ஓரத்திலிருந்து அதைச் சந்திக்கும் இன்னொரு துளை, நாக்கின் முகப்புத் தகடு உட்கார ஒரு சின்னப் பள்ளம். வேலை முடிந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவில் வீடுகள் வரிசை வரிசையாகக் கட்டப்பட்டபோது, இப்படி மிச்சமான நேரம் பெரிய பணமானது.

இரண்டே எண்கள்

ஆனால் துளை போட்ட பிறகு திரும்பிப் போக வழியில்லை. கதவின் ஓரத்திலிருந்து கைப்பிடித் துளையின் நடுப்புள்ளி வரை உள்ள தூரமே இனி எல்லாவற்றையும் தீர்மானிக்கும். இந்தத் தூரத்துக்குப் பெயர் 'பேக்செட்'. அமெரிக்காவில் இது இரண்டு அளவுகளில் நிலைபெற்றது: வீட்டுக் கதவுகளுக்கு 2⅜ அங்குலம் (60 மி.மீ.), அலுவலகம் போன்ற கனமான கதவுகளுக்கு 2¾ அங்குலம் (70 மி.மீ.). முகத்துளை 2⅛ அங்குலம். எந்தக் கம்பெனியின் பூட்டு வாங்கினாலும் அதே துளையில் பொருந்தும்.

பிரிட்டனில் வேறு கணக்கு. அங்கே கடைகளில் கிடைக்கும் உருளைத் தாழ்ப்பாள்களில் 2½ அங்குலமும் 3 அங்குலமும்தான் சகஜம். ஆனால் அது பெட்டியின் மொத்த நீளம், பேக்செட் அல்ல. 2½ அங்குலத் தாழுக்கு பேக்செட் 44 மி.மீ., 3 அங்குலத்துக்கு 57 மி.மீ. நீளத்தை பேக்செட் என்று நினைத்து வாங்கியவருக்குத் துளையும் கைப்பிடியும் பொருந்தாமல் போகும்.

அரை அங்குலத்தில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். விரல் முட்டி இருக்கிறது! 54 மி.மீ. விட்டமுள்ள ஒரு குமிழை 44 மி.மீ. பேக்செட்டில் பொருத்தினால், குமிழின் ஓரத்துக்கும் கதவின் ஓரத்துக்கும் நடுவே 17 மி.மீ.தான் மிஞ்சும். கதவு வந்து முட்டும் நிலைச்சட்டம் ஒரு பக்கம் 12 மி.மீ. நீட்டிக்கொண்டிருந்தால், மீதி வெறும் 5 மி.மீ. அந்த இடத்தில் விரலை விட்டுக் குமிழைத் திருகுபவரின் தோல் உராயத்தான் செய்யும். அதனால்தான் குமிழுக்கு 3 அங்குலமோ அதற்கும் கூடுதலோ வேண்டும் என்பார்கள். நீளக் கைப்பிடியாக இருந்தால் கை நிலையை விட்டு விலகி நிற்கும். 2½ அங்குலமே போதும்.

அப்படியானால் எல்லாவற்றுக்கும் நீளமான தாழே போடலாமே? முடியாது. சட்டமும் பலகையும் சேர்ந்த கதவில் சட்டம் குறுகலாக இருந்தால், நீளத் தாழ் அதைத் தாண்டிப் பலகைக்குள் போய்விடும். உள்ளே கூடான மலிவுக் கதவுகளில், கைப்பிடி உயரத்தில் மட்டுமே ஒரு மரக்கட்டை வைத்திருப்பார்கள். அதைத் தாண்டினால் உள்ளே பிடிப்பே கிடையாது. ஆகவே கதவின் சட்டம், கைப்பிடியின் வகை, பழைய துளையின் தூரம் ஆகிய மூன்றையும் அளந்த பிறகே தாழ்ப்பாள் வாங்க வேண்டும்.

யாருடைய கை?

இந்த அளவுகள் எல்லாம் திடமான கையை மனதில் வைத்து வந்தவை. மூட்டுவாதம் உள்ள பாட்டிக்கு, வழவழப்பான குமிழ் எந்த பேக்செட்டில் இருந்தாலும் சுவர்தான். 1990ல் அமெரிக்காவில் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டத்தையொட்டிய விதிகள், பொது இடங்களில் இறுகப் பிடிக்காமலும் மணிக்கட்டைத் திருகாமலும் திறக்கக்கூடிய கைப்பிடிகளைக் கேட்டன. கனடாவின் வான்கூவர் நகரம் இன்னும் ஒரு படி மேலே போனது. 2013ல் விதிகளைத் திருத்தி, 2014 மார்ச் முதல் புதிதாகக் கட்டும் வீடுகளிலும் குமிழ் கூடாது, நீளக் கைப்பிடிதான் என்றது. பழைய வீடுகளுக்கு அது கட்டாயமில்லை.

ஆனால் பழைய வீட்டுக்காரர்களும் மாற்றிக்கொள்வது சுலபம். துளை பொது அளவில் இருப்பதால், குமிழைக் கழற்றிவிட்டு அதே துளையில் நீளக் கைப்பிடியை மாட்டிவிடலாம். கதவை மாற்ற வேண்டாம், உளியும் வேண்டாம். தச்சரின் கூலியை மிச்சப்படுத்த வந்த ஒரு அளவு, பல வருடங்கள் கழித்து ஒரு பாட்டி தன் அறைக்கதவைத் தானே திறந்துகொள்ள உதவுகிறது. அளவுகளை எல்லோருக்கும் பொதுவாக வைத்தால் கிடைக்கும் லாபம் இதுதான். அது எந்தக் கம்பெனியின் கணக்குப் புத்தகத்திலும் வராத லாபம்!