ஜன்னல் பிளைண்ட்ஸ் மாட்டக் கெட்டிச் சுவரில் துளையிடுதல்

ஜன்னலுக்கு ரோலர், வெனிஷியன், ரோமன் வகை பிளைண்ட்ஸ் மாட்டுவதற்காகச் செங்கல் அல்லது கான்கிரீட் சுவரில் துளை போட்டு, பிளக் செருகி, திருகாணியால் பிராக்கெட்டை இறுக்கும் வேலை இது. ஒரு ஜன்னலுக்கு நான்கைந்து துளைகள் போதும். ஆனால் தமிழ்நாட்டு வீடுகளில், படம் மாட்டும்போது சுலபமாக இறங்கிய அதே டிரில், ஜன்னலுக்கு மேலே வந்ததும் அரை அங்குலத்தில் நின்றுவிடுவது பலருடைய அனுபவம். மிஷினில் கோளாறு என்று நினைத்து இன்னும் அழுத்துவார்கள். உண்மையில் மாறியிருப்பது சுவர்தான். எந்தச் சுவரில் துளை போடுகிறோம் என்று தெரிந்துகொள்வதே இந்த வேலையின் முதற்பாடம்.

ஜன்னலுக்கு மேலே இருப்பது

ஜன்னல் திறப்புக்கு மேலுள்ள சுவரின் பாரத்தைத் தாங்கி, இரு பக்கச் சுவர்களுக்கும் இறக்கிவிடுவது லிண்டல். பழைய வீடுகளில் கருங்கல் பலகையோ, மர உத்திரமோ, செங்கல் வளைவோ இந்த வேலையைச் செய்தது. இன்று பெரும்பாலும் கம்பி கட்டி வார்த்த கான்கிரீட். தரையிலிருந்து ஏறத்தாழ 7 அடி உயரத்தில் இதன் அடிப்பாகம் இருக்கும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சன்ஷேடும் வழக்கமாக இதனோடு சேர்த்தே வார்க்கப்படும். பிளைண்ட்ஸ் பிராக்கெட் திறப்புக்குச் சில அங்குலம் மேலே உட்காருவதால், துளை நேராக லிண்டலில் போய் விழுகிறது.

சுவரின் மேல் தோலாக இருப்பது சுமார் 12 மி.மீ. சிமென்ட் பூச்சு. அதைத் தாண்டினால் முக்கால் ஜல்லி கலந்த கான்கிரீட். டிரிலில் மாட்டிய பிட்டின் நுனி ஜல்லியில் பட்டால் வழுக்கி ஒதுங்கப் பார்க்கும். அதற்கும் உள்ளே கம்பி. துருப்பிடிக்காமல் காக்கக் கம்பிக்கு மேல் குறைந்தது 20 மி.மீ. கான்கிரீட் இருக்க வேண்டும் என்பது, சாதாரணச் சூழலில் உள்ள கட்டடங்களுக்கு இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456:2000 சொல்லும் அளவு. கம்பி கட்டும்போது அடியிலும் பக்கத்திலும் வைக்கும் கவர் பிளாக் இதற்காகத்தான்.

அலுமினிய அச்சில் வார்க்கும் புதிய அடுக்குமாடிகளில் ஏறக்குறைய எல்லாச் சுவரும் கான்கிரீட்தான். ‘மிவான்’ சுவர் என்று பேச்சில் சொல்வது இதையே. அங்கே படம் மாட்டுவதும் லிண்டலில் துளை போடுவதற்குச் சமம்.

தூளைப் பார்த்து அறிதல்

உள்ளே இருப்பது என்ன என்பதை, துளையிலிருந்து கொட்டும் தூளே சொல்லிவிடும். முதலில் வருவது பூச்சின் சாம்பல் தூள். பிறகு செந்தூள் கொட்டினால் சேம்பர் செங்கல் அல்லது நாட்டுச் செங்கல். சாம்பல் நிறமே தொடர்ந்து, பிட் தயங்கித் தயங்கி இறங்கினால் கான்கிரீட். சாம்பல் நிறமாயிருந்தும் எளிதாக இறங்கினால் ஃப்ளை ஆஷ் கல்லாக இருக்கலாம். வெளிர் தூளோடு வெண்ணெயில் கத்தி போல இறங்கினால் ஏ.ஏ.சி. பிளாக். திடீரென்று பிட் உள்வாங்கினால் ஹாலோ பிளாக்கின் பொந்து. ஏ.ஏ.சி. பிளாக்கில் ஹேமரை, அதாவது டிரிலின் அடியை, நிறுத்திவிட்டுச் சுழற்சியில் மட்டும் துளை போட வேண்டும். அதற்கும் ஹாலோ பிளாக்குக்கும் தனி வகைப் பிளக்குகள் உண்டு.

கருவிகள்

கான்கிரீட் அறுபடாது, நொறுங்கும். அதனால்தான் சுழற்சியோடு அடியும் தேவைப்படுகிறது. வீடுகளில் உள்ள ஹேமர் டிரிலில், பல் வெட்டிய இரண்டு வட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று உரசித் தாவுவதால் அடி பிறக்கிறது. நிமிடத்துக்குப் பல ஆயிரம் அடிகள் என்றாலும் ஒவ்வொன்றும் மெலிந்த அடி. ஆள் அழுத்தினால்தான் வேலை நடக்கும். செங்கல்லுக்கு இது தாராளம்.

ரோட்டரி ஹேமரின் உள்ளமைப்பே வேறு. உருளைக்குள் ஓடும் பிஸ்டன் காற்றை அமுக்குகிறது. அமுங்கிய காற்று ஒரு சுத்தியலைத் தள்ளி, பிட்டின் பின்புறத்தில் அடிக்கிறது. அடிகள் எண்ணிக்கையில் குறைவு, வலுவில் பல மடங்கு. இதில் பிட்டைச் சாவி போட்டு இறுக்குவதில்லை. எஸ்.டி.எஸ். என்னும் காடி வெட்டிய பிட்டைத் தள்ளினாலே பூட்டிக்கொள்ளும், அடி வாங்க முன்னும் பின்னும் நகரவும் செய்யும். லிண்டலுக்கு இதுதான் சரியான கருவி. நான்கு துளைக்காக விலைக்கு வாங்க வேண்டியதில்லை. ஹார்டுவேர் வாடகைக் கடைகளில் நாள் வாடகைக்குக் கிடைக்கிறது.

எந்த மிஷினானாலும் பிட் நுனியில் டங்ஸ்டன் கார்பைடு பதித்திருக்க வேண்டும். மரத்துக்கும் இரும்புக்கும் உரிய பிட் கான்கிரீட்டில் ஒரே துளையில் மழுங்கிவிடும்.

வரலாறு

மின்சாரம் வருவதற்கு முன் சுவரில் எதையாவது மாட்ட வேண்டுமென்றால், உளியால் குழி வெட்டி, மரக்கட்டையை அடித்து இறுக்கி, அதில் ஆணி அறைவார்கள். மரம் காய்ந்து சுருங்கினால் கட்டையே கழன்றுவரும். ஜெர்மனியின் ஃபைன் நிறுவனம் 1895-இல் கையில் பிடிக்கும் மின் டிரிலை உருவாக்கியது. கைத்துப்பாக்கி போன்ற பிடியும் விசையும் கொண்ட இன்றைய வடிவத்துக்கு அமெரிக்காவின் பிளாக் அண்ட் டெக்கர் 1917-இல் காப்புரிமை பெற்றது. எஸ்.டி.எஸ். பூட்டு முறையை பாஷ் நிறுவனம் 1975-இல் கொண்டுவந்தது.

துளையைவிடப் பெரிய பாய்ச்சல் பிளக்கில்தான் நிகழ்ந்தது. லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தின் சுவர்கள் சேதமாகாமல் மின்சாதனங்களைப் பொருத்த வேண்டிய வேலை ஜான் ஜோசப் ராலிங்ஸ் என்ற ஒப்பந்தக்காரரிடம் வந்தது. சணல் நாரைப் பசையிட்டு இறுக்கிய சிறு குழாயை அவர் 1911 வாக்கில் உருவாக்கினார். நம் ஊர்க் கடைகளில் ‘ராவல் பிளக்’ என்று கேட்டு வாங்குகிறோமே, அந்தப் பெயர் இவரிடமிருந்து வந்தது. நைலானில் செய்த விரியும் பிளக்கை ஜெர்மனியின் ஆர்தர் ஃபிஷர் 1958-இல் அறிமுகப்படுத்தினார்.

செய்முறை

முதல் துளையைக் கண்ணளவில் போடக் கூடாது. டேப்பால் அளந்து, ரசமட்டம் வைத்துக் கோடு இழுத்து, பிராக்கெட்டையே சுவரில் பிடித்துப் புள்ளி வைக்க வேண்டும். இரண்டு பிராக்கெட்டுக்கும் இடையே சிறு ஏற்ற இறக்கம் இருந்தாலும் ரோலர் துணி ஒரு பக்கமாக ஒதுங்கிச் சுருளும்.

புள்ளியில் ஆணியால் சிறு பள்ளம் தட்டிவிட்டால் பிட் நழுவாது. பூச்சைத் தாண்டும்வரை அடி இல்லாமல் மெதுவாக ஓட்டினால் பெயின்ட் பெயராது. 6 மி.மீ. பிளக்குக்கு 6 மி.மீ. பிட். துளையின் ஆழம் பிளக்கின் நீளத்தைவிட ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக இருக்கட்டும். அந்த அளவில் பிட்டைச் சுற்றி இன்சுலேஷன் டேப் ஒட்டிக்கொள்ளலாம். இடையிடையே பிட்டை வெளியே இழுத்தால் தூள் வெளியேறும், நுனியும் சூடேறாது.

துளைக்குள் தங்கும் தூளைப் பம்பாலோ பிரஷாலோ நன்றாக வெளியேற்ற வேண்டும். திருகாணி ஏறும்போது பிளக் விரிந்து துளையின் சுவரை நெருக்குகிறது. அந்த உராய்வுதான் பிளைண்ட்ஸைத் தாங்குகிறது. இடையில் தூள் படிந்தால் பிடி போய்விடும். பிளக் பூச்சோடு நின்றுவிடாமல் கான்கிரீட்டுக்குள் இறங்கியிருக்க வேண்டும்.

கம்பி தட்டினால்

நொறுங்கும் ஓசை மாறி இரும்பின் கணீரொலி கேட்டு, தூளும் நின்று, பிட் இறங்காவிட்டால் கம்பி தட்டியிருக்கிறது. மேலும் அழுத்தினால் கார்பைடு நுனி உடையும். கம்பி அறுபட்டால் லிண்டலின் வலு குறையும். ஆகவே நிறுத்திவிட்டு இடம் மாற்றுவதே முறை. முதன்மைக் கம்பிகள் ஜன்னலுக்கு இணையாகக் கிடையாக ஓடும். அவற்றைத் தவிர்க்க மேலோ கீழோ நகர வேண்டும். ரிங் கம்பிகள் செங்குத்தாக நிற்கும்; அவற்றுக்குப் பக்கவாட்டில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் போதும். எது தட்டியது என்று தெரியாவிட்டால் சாய்வாக நகர்ந்தால் இரண்டிலிருந்தும் தப்பலாம். பழைய துளையைச் சிமென்டால் அடைத்துவிட வேண்டும். விட்டுவைத்தால் ஈரம் கம்பியை எட்டும்.

பாதுகாப்பு

சுவருக்குள் புதைத்த வயர் 230 வோல்ட். சுவிட்ச் போர்டுக்கும் ஏ.சி. பாயின்டுக்கும் நேர் மேலே, நேர் கீழே, பக்கவாட்டில் துளை போடக் கூடாது. சந்தேகம் இருந்தால் அந்த அறையின் எம்.சி.பி.யை அணைத்துவிட்டு, வேறு அறையிலிருந்து மிஷினுக்கு மின்சாரம் எடுக்கலாம். கான்கிரீட் தூளில் உள்ள படிக சிலிக்கா நுரையீரலில் தங்கி சிலிகோசிஸ் உண்டாக்கும். அது புற்றுநோய்க் காரணி என்பதும் உறுதியாகியுள்ளது. நாள் முழுதும் இதே தொழில் செய்பவர் முகத்தில் துண்டு கட்டினால் போதாது. என்95 முகக்கவசமும் கண்ணாடியும் அவருக்கு அவசியம். வேலைக்கு அழைப்பவர் அதைக் கொடுத்து உதவுவது நல்லது.

பிளைண்ட்ஸின் தொங்கு சங்கிலி சிறு பிள்ளைகளின் கழுத்தில் சிக்கி உயிரைப் பறிக்கக்கூடியது. அதை இழுத்துப் பிடிக்கும் சிறு கிளிப் பெட்டியோடு வருகிறது. மேலே லிண்டலோடு போராடிக் களைத்தவர்கள் பெரும்பாலும் இதைப் பொருத்தாமல் விட்டுவிடுகிறார்கள். கிளிப்புக்கான துளை ஜன்னலின் பக்கச் சுவரில் வருகிறது. செங்கல் சுவரானால் ஹேமர் டிரிலுக்கு ஒரு நிமிட வேலை. குழந்தை உள்ள வீட்டில் அந்தத் துளையையும் போட்ட பிறகே வேலை முடிந்ததாகக் கொள்ள வேண்டும்.