சின்னத்தில் இல்லாத பெயர்கள்

லோட்டஸ் காரின் மூக்கில் இருக்கும் வட்டச் சின்னத்தை உற்றுப் பார்த்தால் ஏ, சி, பி, சி என்று நான்கு எழுத்துகள் பின்னிக் கிடப்பது தெரியும். ஆண்டனி காலின் புரூஸ் சாப்மன். நிறுவனரின் முழுப்பெயர். கார் வரலாறு எழுதுகிறவர்களும் பெரும்பாலும் அந்த நாலு எழுத்தோடு நின்றுவிடுகிறார்கள். எனக்கு அதில் இல்லாதவர்கள் மேல்தான் ஆர்வம்.

முதலில் ஹேசல் வில்லியம்ஸ். 1952-ல் வடக்கு லண்டனின் ஹார்ன்ஸியில், அப்பா நடத்திய மதுக்கடைக்குப் பின்னால் இருந்த பழைய குதிரை லாயத்தில் சாப்மன் கம்பெனி தொடங்கியபோது, மூலதனமாக 25 பவுண்டு கொடுத்தவர். அப்போது காதலி, பிறகு மனைவி.

அந்த லாயத்தில் கார் ‘தயாரித்தார்கள்’ என்று சொல்வதே கொஞ்சம் மிகைதான். குழாய்களை வெல்டிங் செய்து சட்டகம் கொடுத்தது புரோகிரஸ் சாசி என்ற கம்பெனி. அலுமினியத் தகட்டைத் தட்டி உடல் செய்தது வில்லியம்ஸ் அண்ட் பிரிச்சர்ட் பட்டறை. எஞ்சின், கியர்பாக்ஸ் எல்லாம் பெரும்பாலும் சாதாரண ஃபோர்டு கார்களுடையவை. வாங்குகிறவர் பாகங்களை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தானே பூட்டிக்கொள்ளலாம். முழுக் காருக்குத்தான் கொள்முதல் வரி. உதிரியாக வாங்கினால் கிடையாது. லோட்டஸ் செவன் அப்படித்தான் இளைஞர்களின் கைக்கு எட்டியது.

எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி எஞ்சின். தூக்கிச் செல்லக்கூடிய தீயணைப்புப் பம்புக்கு எடை குறைந்த எஞ்சின் வேண்டும் என்று பிரிட்டிஷ் அரசு கேட்டது. கோவன்ட்ரி கிளைமாக்ஸ் நிறுவனத்தில் வால்டர் ஹாசனும் ஹாரி மண்டியும் அலுமினியத்தில் ஒன்றைச் செய்தார்கள். அதைப் பார்த்த ரேஸ்காரர்கள் விடவில்லை. 1098 சிசி அளவில் காருக்கு ஏற்ற வடிவம் வந்தது. நெருப்பணைக்கச் செய்தது லோட்டஸ் லெவனில் ஏறி லே மான்ஸ் வரை ஓடியது.

லெவனின் வழவழப்பான உடலை வரைந்த ஃபிராங்க் காஸ்டின் டி ஹாவிலண்ட் விமானக் கம்பெனி ஆள். 1957-ல் காட்டப்பட்ட எலீட்டை வரைந்த பீட்டர் கிர்வன் டெய்லர், நம்ப மாட்டீர்கள், ஒரு கணக்காளர். தனிச் சட்டகமே இல்லாமல் கண்ணாடி இழை உடலே பாரம் தாங்கும் கார் அது. அந்த உடல்களில் பெரும்பகுதியை வார்த்தது பிரிஸ்டல் விமானக் கம்பெனி. கார் அழகு, கம்பெனிக்கோ நஷ்டம்.

ஃபிராங்கின் தம்பி மைக் காஸ்டினும் கீத் டக்வொர்த்தும் லோட்டஸில் வேலை பார்த்தவர்கள். 1958-ல் இருவரின் பெயரையும் ஒட்டவைத்து காஸ்வொர்த் தொடங்கினார்கள். பிறகு ஃபோர்டு கொடுத்த 1,00,000 பவுண்டில் பிறந்தது டிஎஃப்வி எஞ்சின். 1967 ஜூன் 4, ஸான்ட்வூர்ட். லோட்டஸ் 49-ல் ஜிம் கிளார்க் ஓட்ட, முதல் போட்டியிலேயே வெற்றி. அடுத்த ஆண்டே அதே எஞ்சின் போட்டி அணிகளுக்கும் போனது. மொத்தம் 155 கிராண்ட் பிரீ வெற்றிகள்.

நான் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். முகம் தெரியாத யாரோ எழுதிய நூலகங்களை அடுக்கி, மேலே பத்து வரி சேர்த்து, என் பெயரில் வெளியிடுகிறேன். அதனால் சாப்மனின் திறமையைக் குறைத்துப் பேச மாட்டேன். பம்பையும் விமானத்தையும் கணக்காளரையும் ஒரே காராகப் பார்க்க ஒரு கண் வேண்டும். எதைச் சேர்க்கலாம் என்பதைவிட எதை எடுத்துவிடலாம் என்று யோசித்த கண் அது.

ஆனால் கிராம் கிராமாகக் குறைத்த எடைக்கான விலையை அவர் மட்டும் கொடுக்கவில்லை. 1970-ல் மோன்சாவில் யோகன் ரிண்ட்டின் லோட்டஸ் 72 தடுப்பில் மோதியது. முன் பிரேக் தண்டு உடைந்திருந்தது. தடுப்பும் சரியாக நிறுத்தப்பட்டிருக்கவில்லை. இறந்த பிறகு உலக சாம்பியன் ஆனவர் இன்றுவரை அவர் ஒருவர்தான்.

வெற்றி வந்தால் சின்னத்துக்கு, தண்டு உடைந்தால் ஓட்டுநருக்கு. இந்தக் கணக்கு கார் தொழிலோடு முடிந்துவிடுவதாக எனக்குத் தோன்றவில்லை.